அமுதசுரபியும் ஆளற்ற தீவும்
(எங்கே வாழ்வது என்னும் வினா பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு)

மனிதன் எவ்வாறு வாழவேண்டும் என்பது மெய்யியலின் மிகப் பழைய வினா. எங்கே வாழவேண்டும் என்னும் வினாவோ பெரும்பாலும் பொருளியலாரிடமும் குடிவரவு அலுவலரிடமும் விடப்பட்டுள்ளது. சம்பளம் எவ்வளவு, வரி எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, நிரந்தர வதிவிட உரிமை எத்தனை ஆண்டில் என்று கணக்கிட்டு விடை காணத்தக்கதாகவே அது கருதப்படுகின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தீவகத்திற் பிறந்து, கணினிக் கல்வி பெற்று, ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் வேலைக் கடிதத்தைக் கையிற் கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ அக்கணக்கு முடிந்த பின்னரும் ஏதோ ஒன்று தீராமல் எஞ்சுகின்றது. எஞ்சுகின்ற அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணையின் உரிப்பொருளாக வைத்துப் பாடிய மரபு நம்முடையது. போவதா இருப்பதா என்று தலைவன் தன் நெஞ்சோடு வாதிடுவது அம்மரபின் தனிச்சிறப்பு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளமனைத்தையும் விரித்துரைத்த பின்னர், அந்நகரே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் நெஞ்சுக்குச் சொல்வதாக அமைந்தது. மறுபுறத்தில், கடல் கடந்தும் பொருள் தேடுமாறு கொன்றைவேந்தன் சிறுவர்க்குப் புகட்டிற்று. ஒரே மரபு இரு குரலிற் பேசுகின்றது. எனவே, முன்னோர் மொழியை மேற்கோளாக்கி இவ்வினாவுக்கு முற்றுப்புள்ளி இடுதல் இயலாது.

கணக்கின் பக்கம்

முதலிற் கணக்கையே நேர்மையுடன் நோக்குவோம். பணத்தை இழிவாகப் பேசுதல் பணமுள்ளவர்க்கே எளிது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. 2023 சனவரி முதல் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆக உயர்த்தப்பட்டது. வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் தொகையாக வெளியேறியமைக்குப் பேராசையைக் காரணமாகக் கூறுவோர் அந்நாளைய எரிபொருள் வரிசைகளை மறந்தவராவர்.

வாயிலும் அகலத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஏற்படுத்தி 2021இல் திருத்திய நீல அட்டை முறை, தகவல் தொழினுட்பத் துறையினர்க்குப் பட்டத்துக்கு ஈடாக அனுபவத்தை ஏற்கின்றது. கடந்த 7 ஆண்டுகளுள் 3 ஆண்டுகள் தக்க பணி செய்திருத்தல் போதும். ஜேர்மனியில் நீல அட்டை பெற்றவர் 27 மாதங்களில், மொழித் தேர்ச்சி போதியதாயின் 21 மாதங்களில், நிரந்தர வதிவிடம் கோரலாம். 2024 முதல் அந்நாடு இரட்டைக் குடியுரிமையையும் பொதுவாக அனுமதிக்கின்றது. நெதர்லாந்து பெரும்பாலும் பழைய குடியுரிமையைத் துறக்கச் சொல்கின்றது. ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் சுவிற்சர்லாந்து ஐரோப்பியர் அல்லாத நாட்டினர்க்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரையறை விதிப்பதுடன், குடியுரிமைக்குப் 10 ஆண்டு வதிவைக் கேட்கின்றது.

இவ்விவரங்களைச் சேர்த்து நோக்கின் ஓருண்மை புலனாகும். ஒவ்வொரு நாடும் வருபவனின் உழைப்பை ஒரு வகையாகவும் அவனது இருப்பை வேறு வகையாகவும் மதிக்கின்றது. நீல அட்டையின் தொடக்க ஆண்டுகளில் வேலையிழந்தவனுக்கு மறுவேலை தேட உறுதியாகக் கிடைப்பது மூன்று மாத காலமே. திறனுக்கு விரிக்கப்பட்ட கம்பளம் அத்திறனைத் தாங்கியிருக்கும் மனிதனுக்கு விரிக்கப்பட்டதாகாது. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஒப்பந்தத்தின் தன்மை அதுவே. எங்கே வாழ்வது என்று தேர்பவன், எங்கே தான் வெறும் ஒப்பந்தமாகக் கருதப்படுவான் என்பதையும் அறிந்தே தேரவேண்டும்.

தீவகத்தின் அனுபவம்

தீவகத்தார்க்குக் கடல் என்றும் எல்லையாக இருந்ததில்லை. ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்னும் பெயர், துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லால் வந்தது. யானைகள் கப்பலேறிய துறை அது. ஒல்லாந்தர் வேலணைத் தீவை லைடன் என்றும் புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும் நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகர்களின் பெயரால் அழைத்தனர். அந்நகர்களுள் ஒன்றான டெல்வ்ற்றில் இன்று புகழ்பெற்ற தொழினுட்பப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஒரு டெல்வ்ற்றிற் படகேறி மறு டெல்வ்ற்றிற் கணினி கற்கச் செல்லும் ஒருவன் வரலாற்றின் பெரிய நகைச்சுவை ஒன்றினுள் நடக்கின்றான்.

பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்குச் சென்று எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் உழைத்த யாழ்ப்பாணத்தாருட் பலர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினர். புங்குடுதீவாரும் நயினாதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். கடை தெற்கிலும் வீடும் கோயிலும் தீவிலுமாக இருந்த அவ்வாழ்வில், போதல் என்பது மீளுதலின் முற்பகுதியாகவே கொள்ளப்பட்டது. அக்கட்டமைப்பை 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சிதைத்தன. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிற் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு தீவகத்தின் ஊர்கள் பல ஆளரவமற்றுப் போயின. அவ்வெறுமையைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்னும் தொகுப்பிற் பதிவு செய்தார்.

அக்காலத்திற் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் சென்றோர் எங்கே வாழ்வது என்று சீர்தூக்கிச் சென்றவரல்லர்; எங்கே சாகாதிருக்கலாம் என்று தேடிச் சென்றவர்கள். உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் நின்று, ஊரிலிருந்த தம்பி தங்கையரைப் படிப்பித்தவர்கள். அவர்களை நோக்கி ‘ஏன் போனீர்கள்?’ என்று வினவும் உரிமை எவர்க்குமில்லை. இன்று நீல அட்டையோடு செல்பவனின் நிலை வேறு. அவனுக்குத் தெரிவு உண்டு. தெரிவு உள்ள இடத்திலேயே ஒழுக்கவியலும் தொடங்குகின்றது.

கடன் என்னும் வாதம்

போகக்கூடாது என்போர் முன்வைக்கும் வலிய வாதம் கடன்பற்றியது. கன்னங்கராவின் சீர்திருத்தத்தின் பயனாக 1945 முதல் இந்நாட்டிற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். இலவசம் என்பதன் பொருள், வேறு எவரோ செலுத்தினர் என்பதே. மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் நெடுந்தீவு மீனவனும் வாங்கிய ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்திய மறைமுக வரியிற் படித்தவன், படிப்பு முடிந்ததும் அதன் பயனை வேறொரு நாட்டுக்குக் கொண்டு செல்லலாமோ? ஜகதீஷ் பகவதி 1970களில், புலம்பெயரும் வல்லுநர் மீது வரி விதித்து அதனை அவர்தம் தாய்நாடுகளுக்கு வழங்கவேண்டுமென வாதிட்டமை இவ்வுணர்வின் பொருளியல் வடிவமாகும். 2015இல் கில்லியன் புறொக், மைக்கேல் பிளேக் என்னும் மெய்யியலார் இருவரும் ஒரே நூலில் எதிரெதிர் நின்று இதனை விவாதித்தனர். பயிற்சிக்குப்பின் சில காலம் நாட்டிற் பணியாற்றுமாறு பணித்தல் தகும் என்றார் புறொக். வெளியேறும் உரிமையைத் தடுப்பதற்கு அரசுக்கு நியாயமில்லை என்றார் பிளேக்.

இவ்வாதத்தின் மூல வடிவம் பிளேற்றோவின் கிரிற்றோ உரையாடலில் உளது. கி.மு. 399இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட சோக்கிரதர், தப்பியோடுமாறு நண்பர் வேண்டியபோது, அதென்சின் சட்டங்களே எதிர்வந்து தம்முடன் பேசுவதாகக் கற்பனை செய்கின்றார். உன்னைப் பிறப்பித்தோம், வளர்த்தோம், கற்பித்தோம் என்கின்றன அவை. அதே சட்டங்கள் பிறிதொன்றையும் கூறுவதை நாம் மறத்தலாகாது. பருவமெய்திய ஒருவன், நகரின் முறைகளைக் கண்டறிந்த பின், அவை தனக்கு ஒவ்வாவெனின் தன் உடைமையோடு விரும்பிய இடம் செல்லலாம் என்று அவை உறுதியளித்திருந்தன. கதவு திறந்திருந்தும் 70 ஆண்டுகள் அங்கேயே இருந்தமையாலேதான் சோக்கிரதர் கட்டுண்டார். திறந்த கதவில்லாத இடத்தில் நன்றிக்கடன் என்னும் சொல் அடிமை முறியின் மறுபெயராகிவிடும்.

அன்றியும், கடன் கொடுத்தவர் யார்? கற்பித்த அரசு வேறு, செலவைச் சுமந்த மக்கள் வேறு. 1970களின் தரப்படுத்தலையும் 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தையும் நினைவிற் கொண்ட ஒரு சமூகம் அரசுக்குப் பட்ட கடனைப்பற்றி ஐயுறுதல் இயல்பே. அவ்வையம் மக்களுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடாது. கடன் உண்டு, அது யாருக்கு, எவ்வடிவில் என்பதே தெளிவாகவேண்டும்.

ஊர் எல்லார்க்கும் தாயன்று

மறுபக்கத்து மிகை ஒன்றையும் களைதல் வேண்டும். ஊரைத் தாயென்று பாடுவோர், அத்தாய் தன் பிள்ளைகள் எல்லார்க்கும் ஒரே கிண்ணத்தில் ஊட்டினாளா என்று கேட்பதில்லை. நன்னீர் அருமையான தீவுகளில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், சிந்தனையாளர், தென்னிலங்கையில் ஆசிரியப் பணியாற்றிய பின் ஊர் திரும்பியவர். ஒடுக்கப்பட்ட மக்கள் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் அவர் முன்னின்றார், தாக்கப்பட்டார், சிறைப்பட்டார், ஈராண்டுகளில் மறைந்தார்.

இவ்வரலாறு இரண்டைக் கற்பிக்கின்றது. ஊரிலிருத்தல் என்பது தன்னளவில் அறமாகாது. கிணற்றை மறித்தவர்களும் ஊரிலேதான் இருந்தார்கள். கிணற்றடியில் நீர் மறுக்கப்பட்ட ஒருவருடைய பேரப்பிள்ளை பேர்ண் நகரிலோ பரிசிலோ எவர்க்கும் தலைவணங்காது வாழ்வதை இழப்பென்று கூறுவோமாயின், நாம் யாருடைய கண்ணால் நோக்குகின்றோம் என்று நம்மையே வினவவேண்டும். அதேவேளை, தளையசிங்கம் செய்தது ஊரில் உடம்போடு நின்றவர் மட்டுமே செய்யக்கூடியது. கிணற்றுக்குப் பணம் அனுப்பலாம். கிணற்றடியில் நிற்பதற்கு ஆளை அனுப்பவியலாது.

இவருக்கு எதிர்த்திசையிற் சென்ற இன்னொரு தீவகத்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இற் பிறந்து, உரோமாபுரியிற் குருத்துவக் கல்வி பெற்றவர். 1964இற் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் முதல் மாநாடு கோலாலம்பூரில் நிகழவும் காரணராயிருந்தவர். புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டறிந்து மறுபதிப்பாக்கியவரும் அவரே. அவர் கரம்பொன்னிலேயே இருந்திருப்பின் அவ்வகராதி எவர் கண்ணிற் பட்டிருக்குமோ, யாரறிவார்? தளையசிங்கம் வெளிநாடு சென்றிருப்பின் அக்கிணற்றடியில் யார் நின்றிருப்பார்? ஒருவர் மீண்டதும் ஒருவர் அகன்றதும் ஒரே அறத்தின் இரு வடிவங்களாக நமக்குத் தோன்றுகின்றனவாயின், அவ்வறத்தை அளக்கும் கோல் இடம் அன்று என்பது தெளிவு. பின் எது?

ஆபுத்திரன் தரும் அளவுகோல்

அக்கோலைத் தீவகத்தோடு தொடர்புற்ற காப்பியமே தருகின்றது. மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் பலர். அவ்வடையாளம் ஆய்வாளரிடையே முடிந்த முடிபன்று. ஆயினும் கதையின் பொருள் அதனைச் சார்ந்து நிற்கவில்லை.

மதுரையிற் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தான். பின்னர் இந்திரன் நாட்டை மழையாலும் வளத்தாலும் நிரப்பினான். பசித்தோர் இல்லாது போகவே அள்ளக் குறையாத பாத்திரம் கொள்வாரற்று நின்றது. சாவக நாட்டிற் பசியுண்டு என்று கேள்வியுற்ற ஆபுத்திரன் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுக் கப்பல் சென்றுவிட்டது. ஆளற்ற தீவில், எல்லாருக்கும் ஊட்டவல்ல பாத்திரத்தோடு, ஊட்டுதற்கு ஒருவருமின்றி நின்றான். தன் ஒருவன் வயிற்றுக்காக அதனைப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். பின்னாளில் அதே தீவில் அதனைப் பெற்ற மணிமேகலை, அங்கே தங்காது, பசியுள்ள ஊருக்கு எடுத்துச் சென்றாள்.

கற்ற திறன் ஓர் அமுதசுரபியெனின், அது வீணாகும் இடங்கள் இரண்டென்று இக்கதை காட்டுகின்றது. நிறைந்தவர் நடுவில் அது தேவையற்றதாகும். ஆளற்ற இடத்தில் அது செயலற்றதாகும். ஐரோப்பாவின் பெருநகர் ஒன்றில், விளம்பரம் ஒன்றை மேலும் பலர் அழுத்துமாறு நிரல் எழுதும் ஆயிரவருள் ஒருவனாக அமர்பவன் முதல்வகை இழப்புக்கு உள்ளாகலாம். தன் திறனுக்கு வேலையே இல்லாத இடத்திற் கடமையின் பெயரால் முடங்குபவன் இரண்டாம் வகை இழப்புக்கு உள்ளாகலாம். ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, ‘எங்கே எனக்கு மிகுதியாகக் கிடைக்கும்?’ என்பதுமன்று, ‘எங்கே பிறந்தேன்?’ என்பதுமன்று. ‘எங்கே என் இன்மை உணரப்படும்?’ என்பதே.

இக்கோல் ஐரோப்பாவை முற்றாக விலக்குவதில்லை. மருத்துவமனையின் பதிவுகளைக் காக்கும் மென்பொருள் நோயாளி எந்நாட்டவனாயினும் பயன்படுகின்றது. 1980களிற் சென்று முதுமையுற்ற அகதித் தலைமுறைக்கு அலுவலகப் படிவத்தைத் தமிழில் விளக்க ஓர் ஆள் தேவைப்படுகின்றது. அங்கும் பசியுண்டு. ஆயின் அதைத் தேடிக் காணவேண்டும். சம்பளச் சீட்டில் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

வெளியேற்றங்களின் கூட்டுத்தொகை

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். ‘நான் ஒருவன் போவதால் நெடுந்தீவுக்கு என்ன குறைந்துவிடும்? அங்கே மென்பொருள் நிறுவனமே இல்லையே.’ தனியே நோக்கின் இது சரியான விடை. சிக்கல், எல்லாரும் தனியே நோக்குவதிலேயே உள்ளது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் பாலமில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். கடுநோயாளி ஒருவரைக் கடல் கடத்தியே பெரிய வைத்தியசாலையிற் சேர்க்கவேண்டும். பயணிகள் இருக்கும் வரையே படகு ஓடும். மாணவர் இருக்கும் வரையே பாடசாலையில் உயர்தர வகுப்பு நடக்கும். கணித ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் செல்வதும் மாணவர் சிலர் குடும்பத்தோடு யாழ்ப்பாண நகருக்கு நகர்வதும் ஒன்றையொன்று விரைவுபடுத்தும். ஒவ்வொரு வெளியேற்றமும் தன்னளவில் நியாயமானதே. ஆயினும் அந்நியாயங்களின் கூட்டுத்தொகை, போகவியலாத முதியவர் ஒருவர் வாயிலில் தனித்திருக்கும் தெருவாக முடிகின்றது. ஊரிலிருப்பவன் தன் பொருட்டு மட்டும் இருப்பதில்லை. மற்றவன் இருப்பதற்கான வாய்ப்பையும் தாங்கி நிற்கின்றான். கடன் யாருக்கு என்று முன்னர் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை. மண்ணுக்கன்று, அரசுக்குமன்று, எஞ்சியிருப்போர்க்கு.

புலம்பெயர்ந்தோர் இதனை உணராதவரல்லர். பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் வழங்கியவை பல. ஆனித் திருவிழாவுக்கு நயினை நாகபூசணி அம்மனை நாடி ஐரோப்பாவிலிருந்து வருவோர் பலர். ஆயினும் பணம் கட்டடமாகின்றது, விடுமுறை திருவிழாவாகின்றது. ஆண்டின் எஞ்சிய நாள்களில் வகுப்பறையில் நிற்பதற்கும் சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவதற்கும் இரவில் நோயாளியைத் துறைக்குத் தூக்கிச் செல்வதற்கும் ஆள் வேண்டும்.

ஏனைய தொழிலார்க்கில்லாத ஒரு வாய்ப்பு மென்பொருள் வல்லுநர்க்கு உண்டு என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளி இருக்கும் இடத்திலே இருக்கவேண்டும். கப்பலோட்டி கப்பலில் இருக்கவேண்டும். மென்பொருள் எழுதுபவரின் உழைப்போ அவர் உடல் இருக்கும் இடத்தோடு கட்டுண்டதன்று என்பதை 2020இன் பெருந்தொற்றுக் காலம் உலகறியச் செய்தது. மின்னும் இணையமும் தடையற்றிருத்தல் அதற்கு வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்று, சூரிய ஒளி வழி மின்திட்டம் அமைக்க 2022இல் இந்தியாவுடன் உடன்பாடு செய்யப்பட்டமை அத்திசையில் ஒரு படி. வேலை இங்கில்லை என்பது பாட்டனார்க்கு மறுக்கவியலாத காரணமாயிருந்தது. பேரனுக்கு அது பாதிக் காரணமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. போதல் பிழையன்று, இருத்தல் தன்னளவிற் சிறப்புமன்று. அரசுக்குப் பட்ட கடனைக் காட்டி ஒருவனைத் தடுத்தல் நியாயமாகாது. ஊரின் கொடுமைகளிலிருந்து விடுபடப் போனவரைக் குறை கூறுதல் அதனினும் தகாது. ஆயினும் தெரிவு செய்யும் வசதி பெற்றவன் எஞ்சியிருப்போர்க்குப் பட்ட கடனினின்றும் விடுபட்டவனல்லன். அக்கடன் பணத்தால் மட்டும் தீர்வதுமன்று.

ஐரோப்பாவுக்குச் செல்லும் நம்முட் பலர் ‘சில ஆண்டுகள் மட்டும்’ என்றே செல்கின்றனர். பின்னர் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளியும் அவர்களுக்காகத் தீர்மானித்துவிடுகின்றன. ஒருநாளும் முடிவு செய்யாமலே முடிவு நேர்ந்துவிடுகின்றது. அவ்வாறு நழுவவிடுதலையே யான் ஒழுக்கக்குறையாகக் கருதுகின்றேன். மலாயாவிலிருந்து மீண்டவர்கள் தம் ஓய்வூதிய வயதை ஊருக்குக் கொணர்ந்தனர். அவர்கட்கு அதுவே இயலக்கூடியதாயிருந்தது. இத்தலைமுறையிடம் ஊர் அதனினும் சற்று மிகுதியாகக் கேட்கலாம்: உழைக்கும் வயதின் சில ஆண்டுகளை, தொடர்ந்தோ விட்டுவிட்டோ, மென்பொருளை எங்கிருந்து எழுதினும் உடலால் இங்கிருக்கும் சில ஆண்டுகளை. அவ்வாண்டுகள் எவை என்பதைப் போவதற்கு முன்னரே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். வேலைக் கடிதத்திற் கையொப்பமிடும் நாளே அதற்கும் உரிய நாளாகும்.